லெய்டன் நூலகத்தின் இஸ்லாமியச் சுவடிகள்: அவை வந்து சேர்ந்த வழிகள்

நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரம் தமிழ் வரலாறு படிப்பவர்களுக்குப் புதிய பெயரன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்ததைச் சொல்லும் செப்பேடுகளை நாம் லெய்டன் செப்பேடுகள் என்றே அழைக்கிறோம். அந்நகரப் பல்கலைக்கழக நூலகத்தின் கீழைத்தேயத் தொகுப்பில் 1687, 1688 என்ற எண்களில் அவை பதிவானதால் வந்த பெயர் அது. அந்த இரண்டு எண்களுக்கு முன்னால் இருக்கும் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று நம்மில் பலர் கேட்டதில்லை. அவற்றில் பெரும்பகுதி அரபு, பாரசீக, துருக்கி மொழிச் சுவடிகள். இன்று அந்நூலகத்தில் மத்தியக் கிழக்கைச் சேர்ந்த சுவடிகள் மட்டுமே ஏறத்தாழ 6,000 இருக்கின்றன. இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த மலாய், ஜாவானிய, ஆச்சே மொழி இஸ்லாமியச் சுவடிகள் இவற்றுக்கு மேல் வருபவை.

இஸ்லாமியச் சுவடிகள் என்றவுடன் குர்ஆன் படிகளும் மார்க்க நூல்களும்தான் நினைவுக்கு வரும். அவை லெய்டனில் நிறையவே உள்ளன. ஆனால் நூலகத் துறையில் இச்சொல்லுக்கு வழங்கும் பொருள் இதைவிட விரிவானது. முஸ்லிம்கள் ஆண்ட அல்லது வாழ்ந்த நிலங்களில், பெரும்பாலும் அரபு எழுத்தில், கையால் எழுதப்பட்ட எல்லாமே இதில் அடங்கும்: வடிவியல், மருத்துவம், வானியல், இலக்கணம், காதல் பற்றிய உரைநடை, கிறித்தவர்கள் எழுதியவை, கணக்குக் குறிப்புகள், கடிதங்கள். யூக்ளிடின் நூலுக்கு அல்-நைரீசி எழுதிய உரையும் இதே தொகுப்பில்தான் இருக்கிறது; அதற்கும் மார்க்கத்துக்கும் நேரடித் தொடர்பில்லை.

முஸ்லிம்களே வசிக்காத ஒரு சிறிய புராட்டஸ்டண்ட் நகரத்துக்கு இவ்வளவும் எப்படி வந்தன என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் கேள்வி. ஒரு சுவடியை யார் எழுதினார் என்பதற்கு நிகராக, அது யார் கைகளின் வழியாக, எந்த விலைக்கு, எந்தச் சூழலில் வந்தது என்பதும் அதைப் படிக்கும் முறையைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன். இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டுவதில் லெய்டனுக்கு ஈடான தொகுப்புகள் மிகச் சிலவே.

பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள்தான் ஸ்பானியப் படைகளின் முற்றுகையிலிருந்து நகரம் மீண்டிருந்தது. கத்தோலிக்க ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய டச்சுக் கடற்படையினர் பிறை வடிவப் பதக்கங்களை அணிந்திருந்தனர். அவற்றில் ‘போப்பை விடத் துருக்கனே மேல்’ என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. இஸ்லாத்தின் மீதான அன்பு அதில் இல்லை. எதிரிக்கு எதிரி என்ற அரசியல் கணக்கே இருந்தது. 1610இல் மொராக்கோவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1612இல் உதுமானியப் பேரரசிடமிருந்து வணிக உரிமைகள் கிடைத்தன. கடிதம் எழுதவும் கிடைத்த கடிதத்தைப் படிக்கவும் அரபு தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. எபிரேய விவிலியத்தின் அருஞ்சொற்களை விளக்க, அதன் உறவு மொழியான அரபு உதவும் என்ற நம்பிக்கை இறையியலாளர்களிடம் இருந்தது. கிரேக்க அறிவியலில் தொலைந்துபோன பகுதிகள் அரபு மொழிபெயர்ப்புகளில் கிடைக்கலாம் என்று கணிதவியலாளர்கள் எதிர்பார்த்தனர். தூதரகம், வேதம், கணிதம் ஆகிய மூன்று தேவைகளும் ஒரே மொழியில் வந்து கூடின.

1593இல் லெய்டனுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் ஸ்காலிகர் 1609இல் இறந்தபோது தம் கீழைத்தேய நூல்களை நூலகத்துக்கு விட்டுச் சென்றார். தொகுப்பின் முதல் அடுக்கு அதுதான். 1613இல் அரபுப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற தாமஸ் எர்பேனியஸ் அதே ஆண்டில் வெளியிட்ட அரபு இலக்கணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. அவருடைய அரபு அறிவு நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. ஸ்பெயினிலிருந்து தப்பி மொராக்கோ சுல்தானின் பணியில் சேர்ந்த அஹ்மத் இப்னு காசிம் அல்-ஹஜரீ என்னும் அந்தலூசிய முஸ்லிமை அவர் 1611இல் பாரிஸில் சந்தித்தார். அல்-ஹஜரீ 1613இல் லெய்டனுக்கும் வந்தார். ஐரோப்பிய அரபுக் கல்வியின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட முஸ்லிம் ஆசான்கள் இருந்தார்கள் என்பது பாடநூல் வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு கடந்துபோகும் செய்தி. அது அதைவிட அதிக இடத்துக்கு உரியது.

எர்பேனியஸ் 1624இல் காலமானார். அவர் சேர்த்த சுவடிகளைப் பல்கலைக்கழகம் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஹேக் நகருக்கு வந்த இங்கிலாந்தின் பக்கிங்காம் கோமகன் மொத்தத்தையும் வாங்கிச் சென்றுவிட்டார். கோமகன் கொலையுண்ட பின் 1632இல் அவருடைய மனைவி அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். லெய்டன் பேராசிரியர் ஒருவர் தேடித்தேடிச் சேர்த்த நூல்களைப் பார்க்க இன்றும் கேம்பிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். எர்பேனியஸின் மாணவரும் அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவருமான யாக்கோபுஸ் கோலியஸின் காலத்தில் நூலகம் தன் பணத்தைச் செலவிடத் தயங்கவில்லை.

கோலியஸ் கணிதவியலாளரும் கூட. 1622 முதல் 1624 வரை டச்சுத் தூதுக்குழுவுடன் மொராக்கோவில் இருந்தார். 1625இல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவுடன் விடுப்பு வாங்கிக்கொண்டு அலெப்போவுக்குப் புறப்பட்டு, இஸ்தான்புல் வரை சென்று 1629இல்தான் திரும்பினார். அவர் கொண்டுவந்த 200க்கும் மேற்பட்ட சுவடிகளில் அறிவியல் நூல்கள் மிகுதி. அவற்றுள் பண்டைக் கிரேக்கக் கணிதவியலாளர் அப்பொல்லோனியஸின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூல் தனித்துச் சொல்லத்தக்கது. எட்டுப் பகுதிகள் கொண்ட அந்த நூலில் முதல் நான்கு மட்டுமே கிரேக்கத்தில் எஞ்சியிருந்தன. ஐந்து முதல் ஏழு வரையான பகுதிகள் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் செய்த அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே உயிர் பிழைத்திருந்தன. எட்டாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. கோலியஸ் இந்த அரபு வடிவத்தைக் கொண்டுவந்த செய்தி ஐரோப்பியக் கணித உலகை எழுந்து உட்கார வைத்தது. ஆனாலும் 1710இல் எட்மண்ட் ஹாலி ஆக்ஸ்ஃபோர்டில் பதிப்பிக்கும் வரை அது அச்சேறவில்லை.

கோலியஸ் வாங்கிய சுவடிகள் எல்லாம் பழையவை அல்ல. கிடைக்காத நூல்களை அலெப்போவின் அறிஞர்களைக் கொண்டு புதிதாகப் படியெடுக்கச் செய்தார். தர்வேஷ் அஹ்மத் என்பவர் நாடு திரும்பிவிட்ட கோலியஸுக்கு நூல் தேடிக் கொடுத்ததும் படியெடுத்து அனுப்பியதும் அவர் எழுதிய கடிதங்களால் தெரிய வருகின்றன. ஷாஹீன் கந்தி என்ற அலெப்போ ஆர்மீனியர் நெதர்லாந்துக்கே வந்து படியெடுத்தார். பழம்பெரும் நூலின் ‘அரபுச் சுவடி’ என்று பட்டியலில் காண்பது சில வேளைகளில் ஓர் ஐரோப்பியரின் வேண்டுகோளுக்காக 17ஆம் நூற்றாண்டில் எழுதிய படியாக இருக்கும். மூல பாடத்தை நிறுவ முயலும் பதிப்பாசிரியர் இதை அறியாவிட்டால், தாய்ப்படியையும் அதன் சேய்ப்படியையும் இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ணிவிடுவார். வந்த வழியை அறிய வேண்டியதன் தேவை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பொதுப் பணத்தில் வாங்கியவை நூலகத்துக்கும், சொந்தப் பணத்தில் வாங்கியவை தமக்கும் என்று கோலியஸ் பிரித்து வைத்திருந்தார். 1667இல் அவர் இறந்த பின் அந்தச் சொந்தத் தொகுப்பு 1696இல் ஏலத்துக்கு வந்து, அதில் பெரும்பகுதி நார்சிஸஸ் மார்ஷ் என்ற பேராயர் வழியாக ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றது. ஹாலி பயன்படுத்திய அப்பொல்லோனியஸ் படி அவ்வாறு போனதுதான்.

தொகுப்பின் பெரும் பாய்ச்சல் கோலியஸின் மாணவர் ஒருவரால் நிகழ்ந்தது. லெவினுஸ் வார்னர் ஜெர்மனியின் லிப்பே பகுதியில் பிறந்தவர். லெய்டனில் படித்துவிட்டு 1640களின் நடுவில் இஸ்தான்புல் சென்றவர் திரும்பி வரவே இல்லை. 1655 முதல் டச்சுக் குடியரசின் பிரதிநிதியாக அங்கே பணியாற்றி 1665இல் அங்கேயே இறந்தார். வணிகர்கள் அவரை நல்ல தூதுவராகக் கருதவில்லை. அவருடைய நேரமும் பணமும் நூல்களுக்கே போயின. அவர் உயில் வழியாக லெய்டனுக்கு விட்டுச் சென்ற சுவடிகள் ஏறத்தாழ 1,000. தொகுப்பின் பொறுப்பாளருக்கு வழங்கிய பதவிப் பெயரே அதன்பின் ‘வார்னர் கொடையின் விளக்குநர்’ என்று பொருள்படும் லத்தீன் தொடராயிற்று. அப்பெயர் 21ஆம் நூற்றாண்டுவரை வழக்கில் இருந்தது.

வார்னரின் நல்வாய்ப்பாக, அவர் இஸ்தான்புல்லில் இருந்த காலத்தில் காதிப் செலபி என்ற ஹாஜி கலீஃபாவின் நூலகம் சந்தைக்கு வந்தது. அரபு, பாரசீக, துருக்கி மொழிகளில் தமக்குத் தெரிந்த ஏறத்தாழ 14,500 நூல்களின் பெயர்களை அகரவரிசையில் தொகுத்த மாபெரும் நூற்பட்டியலாளர் அவர். 1657இல் அவர் இறந்த பின் அவருடைய சொந்த நூல்களில் ஒரு பகுதியை வார்னர் வாங்கினார். ஆகவே லெய்டனில் இருக்கும் சில சுவடிகள் ஒரே நேரத்தில் இரண்டு அறிஞர்களின் தேர்வைக் காட்டுகின்றன. எதை வாங்க வேண்டும் என்று அறிந்திருந்த உதுமானிய நூலறிஞர் ஒருவரின் தேர்வின் மேல்தான் ஐரோப்பியரின் தேர்வு அமர்ந்திருக்கிறது. கீழைத்தேயத்தின் செல்வத்தை ஐரோப்பியர்களே ‘கண்டெடுத்தார்கள்’ என்ற பழைய பேச்சு இந்த ஒரு செய்தியிலேயே தளர்ந்துவிடுகிறது.

வார்னர் கொடையில் 927 என்ற எண்ணுள்ள சுவடியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஸ்பெயினின் குர்துபாவில் (கோர்டோபா) 994இல் பிறந்து 1064இல் மறைந்த இப்னு ஹஸ்ம், மார்க்கச் சட்டத்திலும் சமய ஒப்பாய்விலும் பெரும் பெயர். அவர் இளமையில் காதலைப் பற்றி ‘புறாவின் கழுத்தணி’ என்று பொருள்படும் தலைப்பில் 30 இயல்களில் ஒரு நூல் எழுதினார். பார்த்தவுடன் காதல், வருணனையைக் கேட்டே காதல், தூது, ஒற்றர், பிரிவு, மரணம் என்று அந்த இயல்கள் செல்கின்றன. அகத்திணை படித்த தமிழருக்கு இந்த வரிசை வேற்றூர்ப் பேச்சாகத் தோன்றாது. இந்த நூலுக்கு உலகில் அறியப்பட்டுள்ள முழுமையான கையெழுத்துப் படி லெய்டனில் உள்ள இது ஒன்றுதான். ஹிஜ்ரி 738இல், அதாவது 1338இல், நூலாசிரியர் மறைந்து 270 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுதப்பட்டது. அதன் முடிவில் படியெடுத்தவர் ஒரு குறிப்பு விட்டிருக்கிறார்: நூலிலிருந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு நல்லவற்றை மட்டும் தாம் வைத்துக்கொண்டதாக அவர் சொல்கிறார். அவர் எவற்றை நீக்கினார் என்பதை அறிய வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படி இல்லை. இன்று பல மொழிகளில் படிக்கப்படும் அந்த நூல் முழுவதும் ஒரு பெயரறியா எழுத்தரின் இரசனை வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. அந்தலூசியாவில் பிறந்த நூலின் படி இஸ்தான்புல்லில் வார்னர் கையில் சிக்கி, லெய்டனில் 19ஆம் நூற்றாண்டில் ரைன்ஹார்ட் டோசி பட்டியல் எழுதும்வரை ஏறக்குறைய யாரும் அறியாமல் கிடந்து, 1914இல்தான் அச்சேறியது. கப்பல் ஒன்று கவிழ்ந்திருந்தால் இந்த நூல் உலகில் இருந்திருக்காது.

காலப் பழமையில் நிற்பது 298ஆம் எண். நபிமொழிகளில் வரும் அருஞ்சொற்களை விளக்கி அபூ உபைத் அல்-காசிம் இப்னு சல்லாம் எழுதிய நூலின் படி அது. ஹிஜ்ரி 252 துல்கஃதா மாதம் எழுதி முடித்ததாக அதிலேயே தேதி உள்ளது, கி.பி. 866இன் இறுதிக்கு அது பொருந்தும். தாளில் எழுதப்பட்டுத் தேதியும் இடப்பட்ட அரபு நூற்படிகளில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழையவற்றுள் ஒன்று. நூலாசிரியர் இறந்து 30 ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்டது என்பதையும், அக்காலத்து அரபு எழுத்தில் ஒலி வேறுபாடு காட்டும் புள்ளிகள் பல வேளைகளில் இடப்படாமலே விடப்பட்டன என்பதையும் சேர்த்து நினைத்தால், ஆசிரியரிடம் கேட்டவர்கள் இன்னும் உயிரோடிருந்த காலத்துத் தாள் இது என்பது புலப்படும். ஓலை அழியும், திரும்பத் திரும்பப் படியெடுத்தே நம் இலக்கியம் நிலைத்தது. சங்க நூல்களுக்கு நம்மிடம் உள்ள ஓலைப்படிகள் சில நூற்றாண்டுகளுக்கு முந்தையவையே. ஆசிரியர் மறைந்த அடுத்த தலைமுறையின் படி கையில் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

289ஆம் எண் பண்டைக் கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடீஸின் மூலிகை நூலின் அரபு வடிவம். ஹிஜ்ரி 475, அதாவது 1083இல் எழுதப்பட்டது. செடிகளின் ஓவியங்கள் கொண்ட அரபுச் சுவடிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவற்றில் இதற்கு இடமுண்டு. கிரேக்கத்திலிருந்து பாக்தாதில் மொழிபெயர்க்கப்பட்டு, 990இல் அல்-நாதிலி என்பவரால் திருத்தப்பட்ட வடிவத்தின் படி இது. மருத்துவர் கையில் புழங்கிய நூல் என்பதால், ஓவியத்தில் தண்டும் இலையும் வேரும் ஒரே பக்கத்தில் தனித்தனியாகத் தெரியும்படி காட்டப்படுகின்றன. அழகுக்கு முன் அடையாளம் காணும் தேவை அங்கே நிற்கிறது.

இத்தகைய சுவடிகளில் நூலின் பாடத்துக்கு வெளியே எழுதப்பட்டிருப்பவையே பல வேளைகளில் என்னை அதிகம் ஈர்க்கின்றன. முதல் ஏட்டில் ஒன்றன்பின் ஒன்றாக உடைமைக் குறிப்புகள். சில இடங்களில் முந்தைய உடைமையாளரின் பெயர் அடிக்கப்பட்டிருக்கும். பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ வக்ஃபு செய்ததற்கான அறிவிப்பு. ஆசிரியர் முன் நூல் முழுதும் வாசிக்கப்பட்டபோது உடனிருந்து கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல். சிலவற்றில் குழந்தைகளின் பெயரும் இருக்கும், யார் எந்த அமர்வில் தூங்கிவிட்டார் என்ற குறிப்பும் இருக்கும். ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் அடுத்த ஏட்டின் முதல் சொல். ஏடு இடம் மாறிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. பல சுவடிகளில் ‘யா கபீகஜ்’ என்று ஒரு விளிப்பு காணப்படும். கபீகஜ் என்பது நச்சுத்தன்மையுள்ள ஒரு செடியின் பெயர். பூச்சிகளை விரட்ட அது பயன்பட்டது. காலப்போக்கில் செடி மறந்துபோய், பெயர் மட்டும் பூச்சிகளுக்கு அதிபதியான ஒரு சக்தியின் பெயராகி, ‘கபீகஜே, தாளைக் காப்பாயாக’ என்று எழுதி வைக்கும் வழக்கமாயிற்று. வசம்பும் வேப்பிலையும் வைத்து ஓலைச்சுவடியைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கவலை நமக்குத் தெரிந்த கவலைதான்.

19ஆம் நூற்றாண்டில் தொகுப்பு அச்சு உலகுக்குத் திறந்தது. 1851 முதல் 1877 வரை ஆறு தொகுதிகளாக லத்தீனில் பட்டியல் வந்தது. டோசியின் மாணவரான டி கூயே தலைமையில், பல நாட்டு அறிஞர்கள் பல நூலகங்களில் சிதறிக் கிடந்த பகுதிகளைச் சேர்த்து அல்-தபரியின் பெரும் வரலாற்று நூலை 1879க்கும் 1901க்கும் இடையில் பதிப்பித்தனர். பட்டியலும் பதிப்பும் பிரில் பதிப்பகமும் ஒரே ஊரில் இருந்ததால், அச்சேறிய அரபு நூல்களின் வரலாற்றில் லெய்டனின் பெயர் அழுந்தப் பதிந்தது.

1883இல் நடந்தது வேறு வகையான வருகை. ஆம்ஸ்டர்டாமில் அந்த ஆண்டு நடந்த பெரும் காலனியக் கண்காட்சிக்கு மதீனாவைச் சேர்ந்த அறிஞர் அமீன் அல்-மதனீ ஒரு பெரும் சுவடித் தொகுப்புடன் வந்து சேர்ந்தார். பிரில் நிறுவனத்தின் வழியாக அதில் 600க்கும் மேற்பட்ட சுவடிகளை லெய்டன் நூலகம் வாங்கியது. அதே ஆண்டு லெய்டனில் நடந்த கீழைத்தேயவியலாளர் மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டு, தாம் கண்டதை அரபியில் பயணக் குறிப்பாக எழுதினார். அதை இளம் அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே டச்சு மொழிக்குப் பெயர்த்தார். இதுவரை சொன்னவை எல்லாம் ஐரோப்பியர் சென்று எடுத்து வந்த கதைகள். இங்கே மதீனாவின் ஆலிம் ஒருவர் தாமே தேர்ந்து, தாமே விலை பேசி, தம்மை ஆய்வு செய்பவர்களைத் தாமும் நோக்கிவிட்டுச் செல்கிறார். விற்றவரின் அறிவும் ஒரு தொகுப்பை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்த மொழிபெயர்ப்பாளரான ஸ்நூக்கோடு கதை கடினமான பகுதிக்குள் நுழைகிறது. 1885இல் அப்துல் கஃப்பார் என்ற பெயரில் அவர் மக்காவில் சில மாதங்கள் தங்கி, அங்கு கல்வி கற்ற ஜாவா, சுமாத்திரா, ஆச்சே மாணவர்களுடன் பழகினார். பின்னர் டச்சுக் காலனிய அரசின் ஆலோசகரானார். சுமாத்திராவின் வடமுனையான ஆச்சே மீது டச்சுக்காரர்கள் 1873இல் தொடங்கிய போரில், எதிர்ப்பின் உயிர்நாடியாக இருந்த மார்க்க அறிஞர்களான உலமாக்களைப் படைபலத்தால் ஒடுக்க வேண்டும் என்று அறிவுரை தந்தவர் அவர். அதே மனிதர் ஆச்சே மக்களின் மொழியையும் இலக்கியத்தையும் பற்றி விரிவான நூல் எழுதினார். ஏராளமான சுவடிகளைச் சேர்த்தார். 1936இல் இறந்தபோது அவற்றை லெய்டனுக்கு விட்டுச் சென்றார். அறிவும் ஆதிக்கமும் ஒரே கையில் இருந்தன. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் பேசுவது முறையாகாது.

ஆச்சே மொழியின் புனிதப் போர்ப் பாடல்களான ‘ஹிகாயத் பிராங் சபி’ படிகள் இதற்கு நேரடிச் சான்று. போருக்குச் செல்பவர்கள் கூடியிருந்து ஓதக் கேட்ட பாடல்கள் அவை. வைத்திருப்பதே குற்றமெனக் காலனிய அரசு தடை செய்தது. கிடைத்த படிகளைப் பறித்தது, எரித்தது. பறித்தவற்றுள் சில லெய்டனுக்கு வந்தன. எரிந்தவை போக எஞ்சியவற்றைப் பறித்தவர்களின் நூலகமே பாதுகாத்து வைத்திருக்கிறது என்பதை எந்தச் சமாதானமும் சொல்லி மென்மையாக்க முடியாது. வார்னர் விலை கொடுத்து வாங்கியதும், மதீனாவின் ஆலிம் விற்றதும், ஆச்சேயில் பறித்ததும் பட்டியலில் ஒரே மாதிரியான எண்ணைப் பெற்று ஒரே அலமாரியில் நிற்கின்றன. எண்ணைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

தென்கிழக்காசியப் பகுதியில் தமிழுக்கு உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அரபுத்தமிழை நாம் அறிவோம். அதே போல அரபு எழுத்தில் எழுதும் மலாய் ஜாவி எனப்படும். ஜாவானிய மொழியை அவ்வாறு எழுதினால் பேகோன். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகளிடம் கேள்விகள் கேட்டு, விடைகளால் நிறைவடைந்து இஸ்லாத்தை ஏற்கும் கதை இந்தக் கடற்கரைகள் எங்கும் பரவியது. மலாயில் அது ‘ஆயிரம் மசலா’ (ஆயிரம் கேள்விகள்) என்ற பொருளுள்ள பெயரிலும், ஜாவானியத்தில் ‘சாமுத்’ என்ற பெயரிலும் வழங்கியது. இவற்றின் படிகள் லெய்டனில் உள்ளன. தமிழில் வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ இதே கதைதான். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியது அது. ஆனைமங்கலச் செப்பேடு ஸ்ரீவிஜயத்துக்கும் நாகைக்கும் இடையே இருந்த பௌத்த உறவைச் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே கடல்வழியில் பயணம் செய்த இன்னொரு மரபைச் சாமுத் ஏடுகள் சொல்கின்றன. இரண்டும் ஒரே நூலகத்தின் வரிசை எண்களில் வந்து சந்தித்தது தற்செயலே ஆனாலும், இரண்டையும் அங்கே கொண்டு சேர்த்தது டச்சு வணிகமும் ஆட்சியும் சென்ற பாதைதான்.

எண்களைப் பற்றி மீண்டும் ஒரு சொல். லெய்டனின் கீழைத்தேய எண்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பெரும்பாலும் வந்து சேர்ந்த வரிசையில் தரப்பட்டவை. பொருள்வாரியாகப் பிரித்தவை அல்ல. மருத்துவ நூலை அடுத்துக் கடிதக்கட்டும், அதையடுத்துத் துருக்கி அகராதியும் இருக்கும். பார்ப்பதற்குக் குழப்பமாகத் தோன்றும் இந்த வரிசையில்தான் எந்தச் சுவடி எந்தச் சுவடியோடு ஒன்றாக வந்தது என்ற செய்தி அழியாமல் இருக்கிறது. நெடுங்காலம் பொறுப்பாளராக இருந்த யான் யுஸ்ட் விட்காம் 2006 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட விவரப் பட்டியல் இந்த எண் வரிசையையே பின்பற்றுகிறது. நூலின் தலைப்போடு நில்லாமல், யாரிடமிருந்து எப்போது வந்தது, உடைமைக் குறிப்பில் யார் பெயர் உள்ளது என்பதையும் அது பதிவு செய்கிறது. மொழிவாரிப் பட்டியல்கள் மட்டுமே இருந்த காலத்தில், ஒரே உறைக்குள் வந்த அரபு நூலும் மலாய்க் கடிதமும் இரண்டு பட்டியல்களில் பிரிந்துபோய் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன.

1894இல் டச்சுப் படை இந்தோனேசியாவின் லொம்பொக் தீவு அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்த ‘நாகரகிருதாகம’ என்னும் பழைய ஜாவானியக் காவியத்தின் ஓலைச்சுவடி 1973இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. அது இஸ்லாமியச் சுவடி அல்ல. ஆயினும் போரில் எடுத்ததைத் திருப்பித் தர இயலும் என்பதற்கு லெய்டனிலிருந்தே கிடைத்த முன்மாதிரி. ஆச்சே சுவடிகளைப் பொறுத்தவரை என் கருத்து வெளிப்படையானது: பறித்தது என்று ஆவணமே சொல்லும் சுவடிகள் ஆச்சேக்குத் திரும்ப வேண்டும். அதற்கான முதல் ஆவணம், வந்த வழியைப் பதிவு செய்துள்ள அந்த விவரப் பட்டியல்தான். இப்போது பல சுவடிகளின் படங்களை இணையத்தில் எங்கிருந்தும் பார்க்க முடிகிறது. ஆய்வுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டனாரின் கையெழுத்துள்ள ஏட்டைக் கையில் தொட விரும்பும் ஆச்சேக் குடும்பத்துக்குப் படம் ஈடாகாது.

சுல்தான் இஸ்கந்தர் மூடாவைப் புகழும் ‘ஹிகாயத் ஆச்சே’ என்ற மலாய் நூலுக்கு உலகில் மூன்று படிகளே அறியப்பட்டுள்ளன; இரண்டு லெய்டனில், ஒன்று ஜகார்த்தாவில். 2023இல் இந்தோனேசியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து முன்வைத்த விண்ணப்பத்தின்பேரில் அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந்த நூலைச் செம்மையாகப் பதிப்பித்து 1958இல் வெளியிட்டவர் ஆச்சேயில் பிறந்த தெயுகு இஸ்கந்தர் என்னும் அறிஞர். பிற்காலத்தில் லெய்டனிலேயே வாழ்ந்த அவர், நெதர்லாந்து நூலகங்களில் உள்ள மலாய், மினங்கபாவு சுவடிகளுக்கெல்லாம் விவரப் பட்டியல் எழுதி 1999இல் வெளியிட்டார். ஸ்நூக் சேர்த்தவற்றிலும் போரில் பறித்தவற்றிலும் உள்ள மலாய்ச் சுவடிகள் இன்று ஆய்வாளர் கைக்கு வருவது பெரும்பாலும் ஆச்சேயில் பிறந்த அந்த மனிதர் எழுதி வைத்த வரிகளின் வழியாகத்தான்.